கடைசியாகக் கண் எங்கே நின்றது?

விளையாட்டில் குறி பார்ப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சொன்னாலும் சொன்னோம், வந்ததில் பாதிக்கு மேல் ‘பயிற்சியில் விழுகிறது, போட்டியில் விழவில்லை’ ரகம்தான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பயிற்சியில் பத்து ஃப்ரீ த்ரோவுக்கு (யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று கூடைக்குள் எறிவது) எட்டு உள்ளே போகும். போட்டியில் நாலு போனால் பெரிது. கோச் ‘ரிங்கைப் பாரு, ரிங்கைப் பாரு’ என்று கத்துகிறார். நான் ரிங்கைத்தானே சார் பார்க்கிறேன்? – கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடும் மாணவி

பார்க்கிறீர்கள், சந்தேகமே இல்லை. எப்போது பார்க்கிறீர்கள், எவ்வளவு நேரம், ரிங்கில் எந்த இடத்தை என்பதுதான் கேள்வி.

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அகலம்தான், சுமார் 2 டிகிரி. அதைத் தாண்டினால் மங்கல். நொடிக்கு மூன்று தடவை போலக் கண் தாவித் தாவி மேய்வதால் எல்லாமே தெளிவாகத் தெரிகிற மாதிரி நமக்கு ஒரு நினைப்பு, அவ்வளவுதான். தாவுகிற அந்தக் கணத்தில் மூளை காட்சியைக் கிட்டத்தட்ட அணைத்தே வைத்துவிடுகிறது. ஆக, எறிவதற்கு முன் ரிங், போர்டு, எதிரணிப் பெண்ணின் முகம், மறுபடி ரிங் என்று கண் ஒரு சுற்று சுற்றினால் கைக்குப் போய்ச் சேரும் தகவலும் துண்டு துண்டாகத்தான் சேரும்.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியை ஆட்டக்காரர்களின் தலையில் மாட்டி ஃப்ரீ த்ரோ போடச் சொன்னார். முடிவுகள் 1996-ல் வெளிவந்தன. நன்றாகப் போடுகிறவர்களின் கண், எறியும் அசைவு தொடங்குவதற்கு முன்பே ரிங்கில் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது, கிட்டத்தட்ட ஒரு நொடி அங்கேயே இருக்கிறது. சுமாராகப் போடுகிறவர்களுக்கு அதில் பாதிகூட இல்லை. இந்தக் கடைசிப் பார்வைக்கு அவர் வைத்த பெயர் ‘க்வயட் ஐ’, அமைதியான கண். குறியை விட்டு 3 டிகிரிக்கு மேல் விலகாமல், குறைந்தது 100 மில்லிநொடி நிலைத்தால்தான் அது கணக்கில் வரும். ரிங்கின் அகலம் 45 செ.மீ., ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து பார்த்தால் 3 டிகிரி என்பது அதில் பாதிதான்! அதனால் ‘ரிங்கைப் பாரு’ என்றால் போதாது. முன் விளிம்போ பின் விளிம்போ, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், போட்டிக்குப் போட்டி மாற்றாதீர்கள்.

இன்னொரு வேடிக்கையும் அந்த ஆய்வில் உண்டு. பந்தைத் தூக்கும்போது பந்தும் கையும் முகத்துக்கு எதிரே வந்து ரிங்கை மறைக்குமே, அந்த நேரத்தில் கெட்டிக்காரர்கள் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள், சிமிட்டக்கூடச் செய்கிறார்கள். வேண்டியதை முன்பே எடுத்தாயிற்று, அப்புறம் எதற்கு? (பந்தைத் தலைக்கு மேல் கொண்டுபோய் எறிபவர்களின் கதை வேறு, அவர்களுக்குப் பந்துக்கு அடியில் ரிங் தெரியும், கடைசிவரை பார்க்கலாம்.)

சரி, போட்டியில் ஏன் சொதப்புகிறது? பதற்றம் வந்தால் கண் மேய ஆரம்பித்துவிடும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் மார்க் வில்சன் குழுவினர் ஃப்ரீ த்ரோவை வைத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள்: நெருக்கடி கூடினால் அந்த நிலைத்த பார்வை சுருங்குகிறது, பந்தும் வெளியே போகிறது. நீங்கள் செய்ய வேண்டியது: பந்தைத் தட்டி முடித்ததும் தலையைத் தூக்கி, விளிம்பில் உங்கள் இடத்தைப் பிடித்து, ஒரு மூச்சு நிதானமாக விட்ட பிறகே கையைக் கிளப்புங்கள். தோழி ஒருத்தியை ரிங்குக்குப் பின்னால், எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்க வைத்து உங்கள் முகத்தை ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள். பயிற்சியில் பத்து, போட்டியில் பத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் எப்போது தாவுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் கற்றுக்கொள்கிறேன். ‘குறியைப் பார்க்காதே, முன் சைட்டைப் பார்’ என்கிறார் பயிற்சியாளர். (சைட் என்பது குறி வைப்பதற்காகத் துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் சின்னத் துண்டு.) சுட வேண்டியது குறியை. பார்க்க வேண்டியது சைட்டையா? – புதிதாகச் சேர்ந்தவன்

நல்ல கேள்வி தம்பி, எனக்கும் ஒரு காலத்தில் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. பயிற்சியாளர் சொல்வதுதான் சரி.

கண்ணின் லென்ஸ் ஒரே சமயத்தில் இரண்டு தூரத்துக்குக் குவியாது. கை நீளத்தில் சைட், 10 மீட்டரில் குறி. ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். எதை மங்க விட்டால் நஷ்டம் குறைவு என்று பாருங்கள். கை மொத்தமாக, துப்பாக்கி சாயாமல், 1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ. தள்ளிப் போகும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. ஒதுங்கினால் துப்பாக்கியின் கோணமே மாறிவிட்டது என்று அர்த்தம். இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் அது 3 செ.மீ.க்கு மேல் விலகும். பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த விட்டமே 11.5 மி.மீ.தான்! அதனால் முன் சைட் கத்தி முனை மாதிரித் தெரிய வேண்டும், குறி கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் போதும்.

ட்ரிகரை அழுத்தும் கடைசி நேரத்தில் ‘பட்டுதா?’ என்று கண் குறிக்கு ஓடப் பார்க்கும், ஓட விடாதீர்கள். குண்டு போன பிறகும் ஒரு கணம் சைட்டிலேயே இருங்கள். அப்புறம், இன்னொரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், முகத் தசை இழுத்துத் திறந்த கண்ணையும் கெடுக்கும். சுடாத அந்தக் கண்ணுக்கு முன்னால் சின்ன மறைப்பு அட்டை வைப்பதுதான் வழக்கம்.

கண்ணாடி போடுகிறேன். வில்வித்தைக்கு நான் லாயக்கில்லையா? – பிளஸ் டூ மாணவன்

தென் கொரியாவின் இம் டோங்-ஹியூன், 2012 லண்டன் ஒலிம்பிக்கின் தரவரிசைச் சுற்றில் 72 அம்புகளில் 699 புள்ளி எடுத்து உலக சாதனை வைத்தார். அப்போது அவருடைய இடது கண் பார்வை 20/200, வலது 20/100. அதாவது, நல்ல கண் 200 அடியிலிருந்து பார்ப்பதை அவர் இடது கண்ணால் பார்க்க 20 அடிக்குக் கிட்டே வர வேண்டும். 70 மீட்டர் தூரத்து இலக்கு அவருக்குக் கலங்கிய வண்ணங்களாகத்தான் தெரியும். ‘பார்வையற்ற வீரர்’ என்று பத்திரிகைகள் எழுதியபோது கோபப்பட்டார், நியாயம்தானே. இலக்கின் மையத்தில் இருக்கும் மஞ்சளின் நடுவில் பார்வையை நிறுத்தத் தெரிந்தால் போதும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ச் சேருங்கள்.

கெட்டிக்காரன் என்பதால் நிதானமாகப் பார்க்கிறானா, நிதானமாகப் பார்ப்பதால் கெட்டிக்காரன் ஆனானா? – ஒரு சந்தேகப் பிராணி

ஆய்வாளர்களே இதில் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருந்தாலும், ஒரு பெண்கள் கூடைப்பந்து அணிக்கு இந்தப் பார்வைப் பயிற்சியைக் கொடுத்து, அவர்களுடைய ஃப்ரீ த்ரோ தேறியதை விக்கர்ஸும் சக ஆய்வாளரும் 2001-ல் வெளியிட்டார்கள். கோல்ஃப் ஆட்டக்காரர்களிடமும் இதே மாதிரி பலன் கிடைத்தது. அங்கே கண் நிற்பது பந்தின் மேல், குழியின் மேல் இல்லை. தேர்ந்தவர்கள் இரண்டு மூன்று நொடி அப்படியே நின்று, அடித்த பிறகும் பந்து இருந்த இடத்தையே ஒரு கணம் பார்க்கிறார்கள்.

அதனால் நான் பயிற்சியின் பக்கம்தான். ஆனால் எறியும் முறையே கோணலாக இருந்தால் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தும் புண்ணியமில்லை. நேரத்தை நீட்டிக்கொண்டே போவதும் தப்பு. பிஸ்டலைப் பிடித்து ரொம்ப நேரம் நின்றால் கை நடுங்கும், கண்ணும் சோரும். அனுபவசாலிகள் சுடாமல் கையை இறக்கி மறுபடி ஆரம்பிப்பார்கள்.

குறி பார்க்கும் திறனை வளர்ப்பதாக என் மகன் போனில் ஒரு கேம் ஆடுகிறான். பலன் உண்டா? – ஓர் அப்பா

அந்த கேமில் கெட்டிக்காரன் ஆவான்.

ஃபீல்டிங்கில் ஸ்டம்பை நேராக அடிக்க எங்கே பார்ப்பது? – வாரக்கடைசி கிரிக்கெட்டர்

மூன்று ஸ்டம்பும் சேர்ந்து 23 செ.மீ. அகலம்கூட வராது, ஓடி வரும் பேட்ஸ்மேனோ அதைவிடப் பெரிசு. கண் தானாகவே அவர் பக்கம் போகும். பந்தை எடுக்கும்வரை பந்தைப் பாருங்கள், அதற்கு முன்பே ஸ்டம்புக்குக் கண்ணை அனுப்பினால்தான் பந்து கையிலிருந்து நழுவுகிறது. எடுத்ததும் தலை நிமிர்த்தி நடு ஸ்டம்பின் அடிப்பாகம். பேட்ஸ்மேன் எங்கே வருகிறார் என்று கத்திச் சொல்ல விக்கெட் கீப்பர் இருக்கிறார்.