பழைய இரும்புக் கடைக்கு வந்த கனத்த பெட்டி

ஐயா, கோவை கணபதியிலுள்ள உங்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்த லோடில், கதிர்வீச்சுக் குறி பொறித்த, சிறிதாயிருந்தும் தூக்க முடியாமல் கனக்கும் பெட்டி ஒன்று கிடப்பதாகவும், அதை மாநில அரசின் எந்த அலுவலகத்தில் ஒப்படைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கும் எடுத்துச் செல்ல வேண்டாம். கேஸ் கட்டரை அதன் அருகே கொண்டுபோகவே வேண்டாம். 2010-இல் தில்லி மாயாபுரியில் இப்படிப் பிரிக்கப்பட்ட கருவியிலிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் ஓர் உயிரைப் பறித்தது.

அணுசக்தி, மாநிலத்துக்கன்றி மத்திய அரசுக்கு உரிய ஒன்றியப் பட்டியலில் வருவதால், உரிமமும் சோதனையும் மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொறுப்பு. ஆயினும் முதலில் 112-ஐ அழையுங்கள். ஆளை அண்டவிடாமல் இடத்தை வளைப்பது உள்ளூர்க் காவல்துறையின் வேலைதான். நம் பக்கத்து வார்ப்பாலைகளில் வார்ப்பின் உட்புறத்தைக் கதிர்வீச்சால் படமெடுக்கும் இரிடியம்-192 கருவியாக அது இருக்கலாம். அந்த இரிடியத்தின் கதிரியக்கம் சுமார் 74 நாளில் பாதியாகத் தேயும். ஆனால் அத்தகைய கருவிகள் பலவற்றில் கதிரைத் தடுக்கும் கவசமே கதிரியக்கமுள்ள யுரேனியம் என்பதால், காலிப் பெட்டியென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.