கோக்கோஸ் தீவுகளில் 593 பேரா, 2,285 பேரா?

வணக்கம் சகோதரி. உங்கள் மகளின் புவியியல் ஒப்படைப்புக்கு ஓர் இடத்தில் 593, இன்னோர் இடத்தில் 2,285 என்று வந்ததாகக் கேட்டிருந்தீர்கள். 593தான் இந்தியப் பெருங்கடலில் உள்ள ஆஸ்திரேலியப் பகுதியான கோக்கோஸ் தீவுகளின் கணக்கு, 2021 ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி. அதே கணக்கெடுப்பில் கிறிஸ்துமஸ் தீவில் 1,692 பேர். இரண்டையும் கூட்டினால் உங்கள் 2,285 வந்துவிடும்.

இரண்டையும் ஒரே இடமாக எழுத வேண்டாம். நடுவே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் கடல். கிறிஸ்துமஸ் தீவு 135 சதுர கிலோமீட்டர், 361 மீட்டர் வரை உயரும் மலைக்காடு. கோக்கோஸோ 27 பவளத் தீவுகள். மொத்தமாகச் சேர்த்தாலும் சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான், எல்லாமே கடல்மட்டத்தை ஒட்டிய தட்டை நிலம். இருபத்தேழில் ஆள் வசிப்பது இரண்டில் மட்டும். ஹோம் தீவில் கோக்கோஸ் மலாய் முஸ்லிம்கள். தென்னந்தோப்பு வேலைக்கு 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். விமான ஓடுபாதை இருப்பது வெஸ்ட் தீவில். இடையில் காயலைக் கடக்கப் படகுதான்.

நம் பிள்ளைகள் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று: இவை இரண்டும் ஒருகாலத்தில் சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்டவை. கோக்கோஸ் 1955இலும் கிறிஸ்துமஸ் தீவு 1958இலும் ஆஸ்திரேலியாவிடம் போயின. 1984இல் ஐநா மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்து, கோக்கோஸ் மக்கள் ஆஸ்திரேலியாவோடு இணையவே வாக்களித்தார்கள். பெரும்பாலானோர் இதைத் தொடுவதே இல்லை, அது எனக்கு வருத்தம்தான்.

மக்கள்தொகை எண்ணுக்குப் பக்கத்தில் 2021 என்று ஆண்டையும் போடச் சொல்லுங்கள்.