சி.டி. எடுத்த பிறகும் பெட் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன் வயிற்று மகாதமனியிலிருந்து இரண்டு தொடைகளுக்கும் செயற்கை ரத்தக்குழாய் வைத்தார்கள். இப்போது விட்டுவிட்டுக் காய்ச்சல், ஒரு பக்கத் தொடை இடுக்கில் வீக்கம். சி.டி.யில் குழாயைச் சுற்றி நீர் இருப்பதாக வந்தது. அடுத்து பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். அது புற்றுநோய்க்கு எடுப்பதுதானே? எங்களிடம் எதையாவது மறைக்கிறார்களா?
- ஒரு வாசகி

பதில்: மறைக்கவில்லை, அம்மா. அவர்கள் தேடுவது கட்டியை அல்ல, கிருமியை. பெட் ஸ்கேனுக்காக நாங்கள் ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரை. புற்றுநோய்ச் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் அப்படியே. அது சேரும் இடம் படத்தில் ஒளிரும்.

முதலில் சி.டி. எடுத்ததும் சரிதான். நீர், காற்றுக் குமிழி, தையல் போட்ட இடத்தில் ரத்தக்குழாய் புடைத்திருப்பது எல்லாம் அதில் தெரியும். ஆபரேஷன் முடிந்த புதிதில் குழாயைச் சுற்றி நீர் நிற்பது இயல்பு. மூன்று மாதம் கடந்தும் நின்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அந்த நீரில் கிருமி இருக்கிறதா என்று சி.டி. சொல்லாது. தோலில் சாதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற கிருமிகள் குழாயின் மேல் வழவழப்பான படலம் கட்டி, வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும். ரத்தத்தைக் கல்ச்சர் வைத்தாலும், அதாவது கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தாலும், பல நேரம் அகப்படாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த கணக்குப்படி, தொற்று உள்ள 100 பேரில் சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி.) கண்டுபிடித்தது சுமார் 67 பேரை, பெட்-சி.டி. (இரண்டு ஸ்கேனும் சேர்ந்தது) சுமார் 95 பேரை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெட் படத்தில் குழாய் ஒளிர்ந்தாலே தொற்று என்று அர்த்தமில்லை. டேக்ரான் என்ற செயற்கை இழையால் ஆன குழாயை உடல் அந்நியப் பொருளாகவே நடத்தும். தொற்றே இல்லாமலும் அதன் நீளம் முழுக்க மங்கலான ஒளி வருடக்கணக்கில் தெரியலாம். ஓரிடத்தில் மட்டும் திட்டாக, அதுவும் சி.டி.யில் நீர் தெரிந்த அதே இடத்தில் ஒளிர்ந்தால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கும். ரிப்போர்ட்டில் எஸ்.யூ.வி. என்று ஓர் எண் இருக்கும், அந்த இடம் எவ்வளவு சர்க்கரையை இழுத்தது என்பதன் அளவு. அதை மட்டும் பார்த்துக் கலங்காதீர்கள். இதற்குமேல் தொற்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை எதுவும் கிடையாது.

அப்போதும் தெளிவு வராவிட்டால் வெள்ளணு ஸ்கேன் இருக்கிறது. அப்பாவின் ரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களைப் பிரித்து, டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, திரும்ப ஏற்றுவோம். அவை எங்கே போய்க் குவிகின்றன என்று அன்றும் மறுநாளும் படம் எடுப்போம். நீரை ஊசியால் எடுத்துக் கல்ச்சர் பார்ப்பதும் உண்டு. எந்தக் கிருமி என்று தெரிவது அதில்தான்.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய ஆபரேஷன் குறிப்பை அவசியம் கொண்டுபோங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கிய தேதியையும் சொல்லுங்கள், மருந்து தொற்றின் ஒளியை மங்கச் செய்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இடையில் வீக்கத்திலிருந்து ரத்தம் கசிந்தாலோ, அப்பா ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். கொஞ்சமாக வந்து நின்றுவிட்டாலும் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துப்போய், செயற்கைக் குழாய் வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள்.