அம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் வருமா?

திருப்பாதிரிப்புலியூர் வாசகி, வயது 54: அம்மாவுக்கு 76 வயதில் மறதி நோய் வந்தது. கடைசியில் என்னையே யாரென்று கேட்டார். இப்போது எனக்கும் பெயர்கள் மறக்கின்றன. இணையத்தில் ஞாபகத் தேர்வு எழுதினேன், மதிப்பெண் குறைவு. பி.பி. மாத்திரையால் மறதி வரும் என்று வீடியோவில் பார்த்து நிறுத்திவிட்டேன். ஜிங்கோ என்ற மூலிகை கேப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதாக மகள் திட்டுகிறாள். போன வாரம் கோலம் போடும்போது வலது கை துவண்டு மாவு நழுவியது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தேன்.

மருத்துவர் பதில்:

அது வாயு இல்லை அம்மா. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று சற்று நேரம் அடைபட்டுத் திறந்திருக்கிறது என்றுதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மினி ஸ்ட்ரோக் என்போம். தானாகச் சரியானதால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்து முழுப் பக்கவாதமே வரலாம். அந்த ஆபத்து முதல் 2 நாளில் மிக அதிகம், பிறகும் சில மாதங்களுக்கு இருக்கும். பக்கவாதம் வந்தவருக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு.

இதைப் படித்ததும் மகளோடு கிளம்புங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ கோரிமேடு ஜிப்மரோ, எது சீக்கிரம் முடியுமோ அங்கே. புறநோயாளி வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய், கை துவண்டதையும் பேச்சு குழறியதையும் முதலில் சொல்லுங்கள். பெயர் மறப்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். மூளை ஸ்கேன், இ.சி.ஜி., கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். அதுவரை யார் சொன்னாலும் நீங்களாக ஆஸ்பிரின் போடாதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.

பி.பி. மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குக் கோபம். 50 வயது தாண்டிய 9,000-க்கும் அதிகமானவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. பி.பி.யின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர சிகிச்சை பெற்றவர்களுக்கு, மறதி நோய்க்கு முந்தைய கட்டமான லேசான அறிவாற்றல் குறைவு குறைவாகவே வந்தது. வீடியோவில் சொன்னதற்கு நேர் எதிர். ஜிங்கோவையும் 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களுக்குப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008-இலேயே தெரிந்துவிட்டது. அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஜிங்கோ சிலருக்கு ரத்தக்கசிவைக் கூட்டும்.

அம்மாவைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. பெற்ற தாய் 'நீ யாரு' என்று கேட்டதை யாரால் மறக்க முடியும்? ஆனால் 76 வயதில் வந்த நோய் அப்படியே பிள்ளைக்கு இறங்காது; வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024-இல் கணக்கிட்டது. நடுவயது பி.பி.யும், சர்க்கரையும், கெட்ட கொழுப்பும், காது கேளாமையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மகள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஸ்கேன் வேலை முடிந்ததும் காதைப் பரிசோதியுங்கள்.

பெயர் மறந்து பிறகு நினைவுக்கு வருவது இந்த வயதில் சகஜம். பழகிய தெருவில் வழி தவறினால், வைத்துப் பழகிய குழம்பில் அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் நின்றால் வாருங்கள், பார்ப்போம். இணையத் தேர்வை விடுங்கள்.

கிளம்புவதற்குள் மறுபடி கை துவண்டாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. எப்போது ஆரம்பித்தது என்று மகள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.