ஆட்டினால் கடகடக்கும் கேமரா: பழுது பார்ப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து வேடந்தாங்கலுக்குப் பறவைகளைப் படமெடுக்கச் சைக்கிளில் போகிறேன். மிரர்லெஸ் கேமராவை 100-400 மி.மீ. ஜூம் லென்ஸுடன் பையில் வைத்துப் பின் கேரியரில் கட்டிக்கொள்வேன். இப்போது கேமராவை ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறது. சென்சாரை (ஒளியைப் படமாக்கும் சில்லு) தாங்கும் பாகம் உடைந்துவிட்டது, 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். அதிர்ச்சி தாங்கும் பை ஒன்றையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இரண்டுக்கும் இப்போது பணம் கொடுக்காதீர்கள்.

கை நடுக்கத்தால் படம் கலங்காமலிருக்க, இத்தகைய கேமராக்கள் பலவற்றில் சென்சார் அசையும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. கேமரா இயங்கும்போது மின்காந்த விசை அதைப் பிடித்து நிறுத்தும். அணைத்தால் பிடி விட்டுவிடும். அந்த நிலையில் ஆட்டினால் பல மாடல்களில் சத்தம் வரத்தான் செய்யும். பெட்டியிலிருந்து அன்றைக்கே எடுத்த புதுக் கேமராவிலும் வரும். நடுக்கம் தடுக்கும் வசதியுள்ள லென்ஸுக்குள்ளும் இதே கதைதான். இந்தச் சத்தத்தைக் காட்டியே பழுது என்று நம்பவைத்துப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, கேமராவை அதற்கு நேர் எதிரே முக்காலியில் நிறுத்திப் படமெடுங்கள். நான்கு மூலைகளிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே தெளிவில் இருந்தால் கவலை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் வேறொரு லென்ஸை மாட்டி மறுபடி எடுங்கள். அப்போது மங்கல் மறைந்தால் கோளாறு பழைய லென்ஸில், மறையாவிட்டால் கேமராவில்.

கோளாறு உறுதியானாலும், "கம்பெனிக்கு நாங்களே அனுப்பிவைக்கிறோம்" என்று வாங்கிக்கொள்ளும் கடைகளிடம் கொடுக்காதீர்கள். கேமரா எங்கே போகிறது, யார் திறக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதைப் பொருத்தினாலும் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. நிறுவனத்தின் இணையதளத்தில் சர்வீஸ் மையத்தின் முகவரியைப் பார்த்து நேரில் போங்கள். கேமரா, லென்ஸ் இரண்டின் வரிசை எண்ணும் ரசீதில் இருக்கவேண்டும். செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். லட்சக்கணக்கில் விலை வைத்துக் கேமரா விற்பவர்கள் உதிரிபாகங்களின் விலைப்பட்டியலைப் பொதுவில் வைத்தால் இந்த இடைத்தரகர்களுக்கு வேலையே இருக்காது. ஏன் வைப்பதில்லை என்று கேட்க இங்கே யாருமில்லை.

இனி, பின் கேரியர். உங்கள் எடையின் பெரும்பங்கைச் சுமப்பது பின்சக்கரம். கேரியர் சைக்கிளின் சட்டத்தோடு நேரடியாக முடுக்கப்பட்டது; நடுவில் ஸ்பிரிங் எதுவும் இல்லை. ஒரு பெரிய குலுக்கலைக் காட்டிலும் மணிக்கணக்கில் ஓயாத சிறு அதிர்வுதான் லென்ஸின் நுண்ணிய திருகுகளைத் தளர்த்துகிறது. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. பையிலுள்ள கெட்டி நுரை கீழே விழும்போது காக்கும். இந்த அதிர்வுக்கு அதை நம்பாதீர்கள்.

கேமராவை உடம்போடு வையுங்கள். மடங்கிய முழங்கையும் இடுப்பும் தொடையும் தணிக்கிற அளவுக்கு எந்தப் பையும் அதிர்வைத் தணிக்காது. இடுப்புப் பட்டையும் மார்புப் பட்டையும் உள்ள சிறிய முதுகுப்பை போதும். லென்ஸைக் கழற்றி, இரண்டையும் மூடியிட்டுத் தனித்தனி அறையில் வையுங்கள். மாட்டியபடியே கொண்டுபோனால் முழுப் பாரமும் இணைப்பு வளையத்தில்தான் விழும். கழுத்தில் மட்டும் தொங்கவிட வேண்டாம். விழுந்தால் நெஞ்சுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் நசுங்கும். வியர்வை ஏறாமலிருக்கப் பாலித்தீன் உறையிலிட்டு, வீடு சேர்ந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, 150-600 போன்ற பெரிய லென்ஸ். அது மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். முதுகுவலி உள்ளவர் அதைச் சுமந்துகொண்டு 30 கிலோமீட்டர் மிதிப்பது சரியல்ல. அப்படிப்பட்டவர் கேரியரிலேயே வைக்கலாம். ஆனால் லென்ஸ் தானாக நீளாமல் தடுக்கும் ஜூம் பூட்டைப் போட்டு, மென்மையான துண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, துணிமணி நிரம்பிய பைக்கு நடுவில், எந்தப் பக்கமும் கம்பியைத் தொடாதபடி வைக்கவேண்டும். கேமரா அப்போதும் உங்கள் முதுகில்தான். 100-400 வைத்திருக்கும் உங்களுக்கு இந்தச் சலுகை தேவைப்படாது.

சாலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைவாக இருக்கவேண்டும் என்று, சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இலேயே வழிகாட்டியிருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளிலோ வெள்ளைக்கோடுகூட இல்லாமல் வரப்புபோல் மேட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால் மேட்டைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, இருக்கையிலிருந்து சற்று எழுந்து கடந்துபோங்கள். டயரில் கல்போல் காற்றடிக்காதீர்கள். அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த எண்களில் பெரியது உச்சவரம்பு, அதுவரை நிரப்பியே ஆகவேண்டும் என்பதில்லை.