முறிகண்டியில் மட்டும் அடம்பிடிக்கும் கார்

கேள்வி: 1983ஆம் ஆண்டு பென்ஸ் 230 ஈ ஒன்றை அண்மையில் வாங்கினேன். சிறீ இலக்கத் தகடு, ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வண்டி. காலையில் சாவியைத் திருப்பிய உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பரந்தனிலிருந்து வவுனியாவுக்குப் போகும் வழியில் முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பினால் போதும், எழும்பவே மாட்டேன் என்கிறது. பற்றரி இறங்குமளவுக்குச் சுழற்றிய பிறகு இருமிக்கொண்டு எழும்புகிறது. பிறகு வவுனியா வரை எந்தக் குறையும் இல்லை. ஒரு கராஜில் பெற்றோல் பம்பையும் டிஸ்ரிபியூட்டரையும் மாற்ற வேண்டும் என்று இரண்டு இலட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். இன்னொருவர், “இந்த வில்லங்கத்தைக் கழற்றி எறியுங்கள், காபரேட்டர் பூட்டித் தருகிறேன்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்கலாம்?
– பரந்தன் வாசகர்

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் உடனே எழும்புகிறது, ஓடும்போது இழுவை குறையவில்லை, சூடாக நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் மட்டும் மறுக்கிறது. வவுனியா வரை காரை இழுத்துப் போகும் பம்ப் செத்த பம்பாக இருக்க முடியாது.

உங்கள் காரில் இருப்பது பொஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரோனிக். 1973இல் வெளிவந்த, பெற்றோலை எஞ்சினுக்குள் தூவும் (இன்ஜெக்ஷன்) முறை. காரின் பின்புறம் ‘230’க்குப் பக்கத்தில் நிற்கும் ‘ஈ’ இன்ஜெக்ஷனைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. இன்ஜெக்ஷன் என்றதும் நம்மவர்கள் கம்ப்யூட்டரைத் தேடுகிறார்கள். இதில் அது கிடையாது. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும். தட்டோடு சேர்ந்த நெம்புகோல் ஒரு சிறு தண்டை உயர்த்தும். தண்டு உயர்ந்த அளவுக்கு ஏற்ப நான்கு நொசில்களுக்கும் பெற்றோல் பிரிந்து போகும். நொசில் ஏறத்தாழ மூன்றரை பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் திறந்து, எஞ்சின் ஓடும்வரை இடைவிடாமல் தூவிக்கொண்டே இருக்கும். பெயரில் உள்ள ‘கே’ குறிப்பதும் அந்தத் தொடர்ச்சியைத்தான். கராஜில் மாற்றச் சொன்ன டிஸ்ரிபியூட்டர், தீப்பொறியைப் பகிரும் அந்தப் பழைய டிஸ்ரிபியூட்டர் அல்ல. பெற்றோலைப் பகிரும் இந்த வார்ப்புப் பெட்டி. முழுத் தொகுதியிலும் விலை கூடிய பொருள் இதுதான் என்பதால், எது கெட்டாலும் முதலில் இதன்மேல் பழி விழுவது எனக்கு வியப்பாக இல்லை.

முறிகண்டியில் என்ன நடக்கிறது? ஓடும் வரை பொனெட்டுக்குள் காற்று வீசும், புதுப் பெற்றோலும் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் இரண்டும் இல்லை. எஞ்சினின் சூடு மேலெழுந்து குழாய்களில் தேங்கிய பெற்றோலை ஆவியாக்கப் பார்க்கும். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் பெற்றோல் எளிதில் ஆவியாகாது. ஆகவே காரை நிறுத்திய பிறகும் தொகுதிக்குள் அழுத்தம் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். அதைக் காக்கும் காவலாளிகள் ஐவர்: பெற்றோல் திரும்பி ஓடாமல் தடுக்க பம்பின் வாயில் உள்ள திரும்பாவால்வு, பின்பக்க அடியில் பம்புக்குப் பக்கத்தில் இருந்து அழுத்தத்தைச் சேமிக்கும் அக்யுமுலேட்டர் என்ற குமிழ், பெற்றோல் பகிரும் பெட்டியில் உள்ள அழுத்தச் சீராக்கியின் இரப்பர் வளையம், நான்கு நொசில்கள், குளிர்ந்த எஞ்சினை எழுப்பக் கூடுதல் பெற்றோல் தூவும் குளிர்-ஸ்டார்ட் வால்வு. இவர்களில் ஒருவர் தூங்கினாலும் கச்சான் வாங்கி முடிவதற்குள் அழுத்தம் போய்விடும். குழாய் முழுக்க ஆவி. காலையில் ஆவி இல்லாததால் பம்ப் ஒரு நொடியில் நிரப்பிவிடுகிறது.

காசில்லாத சோதனை ஒன்று உண்டு. இந்தக் காரில் எஞ்சின் சுழலும்போது மட்டுமே பம்ப் ஓடும். சூடாக மறுக்கும் வேளையில், பம்ப் ரிலேயை (பம்புக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) கழற்றி அதன் இடத்தில் வயர் தொடுத்து, சுழற்றாமலே அரை நிமிடம் பம்பை ஓட விடுங்கள். எந்தக் கால்களைத் தொடுக்க வேண்டும் என்பதை வயரிங் படம் பார்த்து ஒருவர் காட்டித் தரட்டும். ஊகித்துத் தொடுத்தால் உருகுவது வேறொன்றாக இருக்கும். பிறகு சாவியைத் திருப்பினால் உடனே எழும்புகிறதா? அப்படியானால் அழுத்தம் கசிகிறது என்பது உறுதி. மாறாக, பெற்றோல் நெடி அடித்து, அக்சிலறேட்டரை அடிவரை மிதித்தால் மட்டும் கரும்புகையோடு எழும்புகிறது என்றால், நொசிலோ குளிர்-ஸ்டார்ட் வால்வோ உள்ளே சொட்டுகிறது. நம் வெயிலில் அந்தக் குளிர்-ஸ்டார்ட் வால்வுக்கு நல்லது செய்ய வேலை அதிகம் இல்லை, கெடுதல் செய்யத்தான் நேரம் இருக்கிறது.

அடுத்தது அழுத்தமானி. இங்கேதான் காசைச் செலவழிக்க வேண்டும். கராஜுக்குத் தொலைபேசியில் ஒரே கேள்வி கேளுங்கள்: “கே-ஜெட்ரோனிக்குக்குப் பூட்டும் அழுத்தமானி உங்களிடம் இருக்கிறதா?” இல்லை என்றால், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், அவர் செய்யப்போவது ஊகம், ஊகத்தின் செலவு உங்களுடையது. எஞ்சின் ஓடும்போது தொகுதி அழுத்தம் 5 பார் அளவில் இருக்க வேண்டும். நிறுத்தி அரை மணி கழித்தும் இரண்டரை பார் அளவில் நிற்க வேண்டும். சரியான எண்ணை உங்கள் எஞ்சினுக்கான கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் இறங்கினால் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் இரப்பர் குழாயை, நிறுத்திய உடனே, இறுக்கிப் பிடித்துப் பார்க்கலாம். வெடித்துப்போன பழைய குழாயில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இறுக்கியதும் இறக்கம் நின்றால் குற்றவாளி திரும்பாவால்வு. அது பம்பின் முனையில் தனியாகத் திருகிப் பூட்டும் சிறு பொருள். அதற்காகப் பம்பையே மாற்றுவது செருப்பு வார் அறுந்ததற்குக் காலை வெட்டுவது போன்றது. அக்யுமுலேட்டருக்குப் பின்னால் ஒரு மெல்லிய குழாய் உண்டு. அதைக் கழற்றினால் குமிழின் துளையிலிருந்து பெற்றோல் வரக்கூடாது. வந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. (குழாயின் முனையில் சொட்டுவது தொட்டிப் பெற்றோல், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.) இவ்வளவும் பெற்றோல் வேலை. வீட்டு விறாந்தையில், விளக்குப் பக்கத்தில், சிகரெட் பிடிக்கும் நண்பரை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

இதெல்லாம் முடியும்வரை காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவை மாற்றும் கலவைத் திருகாணியை யாரையும் தொட விடாதீர்கள். 3 மில்லிமீற்றர் அலன் சாவி ஒன்று கையில் இருந்தால் சிலருக்கு விரல் அரிக்கும். அது இந்த நோய்க்கு மருந்தே அல்ல. திருகிவிட்டால் பழைய நிலையைக் கண்டுபிடிக்கப் புகை அளக்கும் கருவி வேண்டும்.

காபரேட்டர் யோசனையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய கைகள் வன்னியில் இன்னும் உண்டு. காபரேட்டரைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுக்க எவராலும் முடியாது. துளி விட இடமே இல்லாத இந்தத் தொகுதியின்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வராதது நியாயம். தொழில்நுட்பமாகவும் அது நடக்காத காரியமல்ல: 1980க்குப் பின் வந்த 200 மொடலில் இதே எம் 102 குடும்ப எஞ்சின் காபரேட்டரோடுதான் வந்தது. ஆனால் அது 109 குதிரைவலு, உங்களுடையது 136. உள்ளிழுக்கும் குழல் தொகுதியிலிருந்து பம்ப் வரை மாற்ற வேண்டியிருக்கும், மறுபடி விற்கும்போது விலையும் விழும். ஒரு வால்வுக்காக அவ்வளவு தூரம் போவானேன்?

எந்தப் பொருளை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்குங்கள், பற்றுச்சீட்டில் பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கேள்வி: இதே மாதிரி இன்ஜெக்ஷன் பென்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மெக்கானிக்கை அழைத்துப் போக வசதியில்லை. நானே எதைப் பார்க்கலாம்?
– மாங்குளம் வாசகர்

பதில்: 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய பழைய கார்களின் விலையை, 2025இல் மீண்டும் திறந்த பிறகும் பலர் மனத்திலிருந்து இறக்கவில்லை. ஆகவே அவசரப்பட வேண்டாம். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பொனெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்து, அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஒரு தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். அந்தத் தேநீர்தான் பரீட்சை.

பிறகு சும்மா ஓடும் நிலையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். நல்ல எஞ்சின் உடனே தடுமாற வேண்டும், ஏனென்றால் தட்டு அளக்காத காற்று உள்ளே நுழைகிறது. எதுவும் மாறவில்லை என்றால் வேறெங்கோ ஏற்கெனவே காற்று நுழைந்துகொண்டிருக்கிறது: வெடித்த இரப்பர், காய்ந்த நொசில் வளையம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கொட்டிலில் நின்ற காரா என்றும் கேளுங்கள். நாட்பட்ட பெற்றோல் பிசினாகி அந்தச் சிறு தண்டைப் பிடித்துக்கொள்ளும், தொட்டிக்குள் துருவும் இருக்கும்.

கேள்வி: டீசல் வான் பார்க்கிறேன். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. கண்டுபிடிக்க முடியுமா?
– புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: கலந்ததைக் கண்டுபிடிக்க முடியாது, அதன் தேய்மானத்தைக் கண்டுபிடிக்கலாம். வான்களில் அதிகம் இருக்கும், டீசலை எஞ்சினுக்குள் தள்ளும் சுழல்வகைப் பம்புக்கு அதற்குள் ஓடும் டீசலே எண்ணெய். மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு. பம்ப் தேய்ந்திருந்தால், சூட்டில் இளகிய டீசல் உள்ளேயே கசிந்து, குளிரில் எழும்பும் வான் சூட்டில் எழும்பாது. அப்படி மறுத்தால், எஞ்சின் நின்ற நிலையிலேயே பம்பின்மேல் ஈரத்துணியைப் போட்டுச் சில நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். உடனே எழும்பினால் பம்ப் தேய்ந்திருக்கிறது. அதைத் திருத்தும் செலவைக் கேட்டறிந்து விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள்.