ஓய்வுகாலப் பணத்தை ஏஜென்சியில் கட்டாதீர்கள்

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் தகப்பனும், மகளை என்ன படிக்க வைப்பது என்று கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். மகள் உயிரியல் பிரிவில் இரண்டாம் முறையும் உயர்தரம் எழுதி முடித்தாயிற்று. மருத்துவ பீட வெட்டுப்புள்ளி எட்டவில்லை, உயிரியல் விஞ்ஞானத்துக்கு இசட் புள்ளி போதும். கொழும்பு மாமா வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஏஜென்சி பிடித்துவிட்டார். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணம், அம்மாவின் நகை, மிச்சத்துக்கு வட்டிக் கடன் என்று கணக்கும் போட்டாயிற்று.

பிள்ளை எதையும் இழந்துவிடவில்லை, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வெளிநாட்டில் ஐந்தாறு வருடம் படித்துவிட்டு வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்த பிறகுதான் உள்ளகப் பயிற்சி. அதில் ஒருமுறை தவறினால் மறுமுறை வரை வருமானம் இல்லை, வட்டி மட்டும் ஓடும். மாமா அந்த வட்டியைக் கட்டப்போவதில்லை.

தாதியர் பயிற்சி, ஆசிரியத் தொழில், ஐ.டி. டிப்ளோமா எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கறுப்புத் தாய் நாய்க்கும் கறுப்புத் தகப்பன் நாய்க்கும் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்று மட்டும் கபில நிறமாக இருந்ததை மகள் கொப்பியில் குறித்து, 'இரண்டு பேரிடமும் அந்தக் குணம் மறைந்திருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாள் என்கிறீர்கள். ஊசி போடுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாய் மேல் பிரியம் என்பதற்காக மிருக வைத்தியமும் வேண்டாம், புத்திசாலி என்பதற்காக மனித வைத்தியமும் வேண்டாம். கணினிசார் உயிரியலைப் பாருங்கள்.

உயிரினத்தின் மரபணு எழுத்துகளை (ஏ, டி, ஜி, சி என்ற நான்குதான்) கணினியில் வாசித்து விடை தேடுவதுதான் இந்தத் துறை. 2005இல் டாஷா என்ற பொக்ஸர் நாயின் முழு மரபணுத் தொகுதி வெளியானது, சுமார் 240 கோடி எழுத்துகள். தேயிலைக்கு ஏறத்தாழ 300 கோடி. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மலையகத்தில், கொழுந்தில் கொப்புளம் போடும் பூஞ்சையை எந்தச் செடி ஏன் தாங்குகிறது என்பது நம் வயிற்றோடு சேர்ந்த கேள்வி. புரதங்களின் வடிவத்தைக் கணினியால் கணித்தவர்களுக்கு 2024இல் இரசாயன நோபல் கிடைத்தது.

மகளுக்கு ஒத்துவருமா என்று இரண்டு வாரத்தில் பார்த்துவிடலாம். பைத்தன் என்ற கணினி மொழி இலவசம், மரபணு வரிசைகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்.சி.பி.ஐ. தளமும் இலவசம். மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி எம்.ஆர்.என்.ஏ. வரிசையை, அதாவது அந்தப் புரதத்தைச் செய்ய உடல் வாசிக்கும் மரபணு நகலை இறக்கி, எழுத்துகளை மூன்று மூன்றாக வெட்டி, புரதம் கோக்கும் மணிகளான அமினோ அமிலமாக மாற்றச் சொல்லுங்கள். முதல் எழுத்திலிருந்தே வெட்டினால் குப்பைதான் வரும், ஏனென்றால் முன்னால் 50 எழுத்து புரதமாகாத பகுதி. ஏ.டி.ஜி. என்ற தொடக்கத்தைத் தேடி அங்கிருந்து வெட்ட வேண்டும். 444 எழுத்து, 148 மூன்றுகள். கடைசி மூன்று நிறுத்தக்குறி, அதனால் 147 அமினோ அமிலங்கள். ஜி.ஏ.ஜி. என்ற மூன்று ஜி.டி.ஜி. ஆனால் அரிவாள் செல் நோய். புத்தகத்தில் அது ஆறாம் இடம், மகளின் திரையில் ஏழாம் இடமாக வரும். முதல் அமினோ அமிலத்தை உடல் பிறகு வெட்டிவிடுவதால் வந்த வித்தியாசம் அது. இந்தக் குழப்பத்தில் அவள் சோறு மறந்து உட்கார்ந்தால், உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

நாளாந்த வேலையில் பெரும்பகுதி தரவைச் சுத்தம் செய்வதுதான். மாதிரிகளின் பெயர் மாறிப்போனால் வாரக்கணக்கில் உழைத்தது வீண். எக்செல்லில் 'மார்ச்1' என்ற மரபணுவின் பெயர் தானாகவே திகதியாகிவிடும். அந்தத் தொல்லைக்காகவே 2020இல் அப்படிப்பட்ட மரபணுக்களுக்குப் பெயரையே மாற்றினார்கள். பெரிய கணக்குகள் இரவு முழுக்கப் பல்கலைக்கழகச் சேர்வரில் ஓடும், ஆய்வாளர் வீட்டில் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருக்கலாம். வாசிப்புதான் விடவே முடியாதது. வாரத்துக்கு ஒரு ஆய்வுக்கட்டுரை போதும்: முதலில் சுருக்கம், பிறகு படங்கள், அதன்பின் செய்முறை, முடிவுரை கடைசியில். பிளொஸ் கொம்பியூட்டேஷனல் பயோலஜி இதழை 2005 முதல் எவரும் காசில்லாமல் வாசிக்கலாம்.

பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்பத் துறை இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும்தான் செலவு, அதற்கு மகாபொல அல்லது பர்சரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். லெப்டொப் ஒன்று வேண்டும், 8 ஜி.பி. ரெம் உள்ள பாவித்ததே போதும், புதியதுக்குக் கடன் வாங்காதீர்கள்.

இரண்டு இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள். உயிரியல் பிரிவில் கணிதம் இல்லாததால் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் இடிக்கும். கெம்பஸ் திறக்கும் வரை சாதாரண தரக் கணிதப் புத்தகத்திலிருந்தே தொடங்கட்டும். விரிவுரை ஆங்கிலத்தில், ஆகவே தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு முதல் வருடம் கடினம். சிறப்புப் பட்டத்துக்கு ஆரம்ப வருடப் புள்ளிகளைப் பார்த்தே எடுப்பார்கள் என்பதால் அந்த வருடத்தை நழுவவிடக் கூடாது.

முதல் பட்டத்தோடு இங்கே இந்தத் துறையில் வேலை குறைவு, அதை மறைக்க மாட்டேன். உண்மையான வழி மேற்படிப்பு. வெளிநாட்டில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் மாணவருக்கே மாதப்படி கொடுப்பார்கள். அன்றைக்கும் உங்கள் நகை பெட்டியிலேயே இருக்கும்.

இந்த வாரம் ஏஜென்சியில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை மகளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், மாமா வேண்டாம்.